தேய்ந்த மில்லிங் வைஸைச் சரிசெய்வதா, மாற்றுவதா: கர்ட் டி675 குறித்த மதிப்பீடு

மில்லிங் மெஷினின் டேபிளும் ஸ்பிண்டிலும் (கட்டரைச் சுழற்றும் தண்டு) எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், வேலைத்துண்டைப் பிடிக்கும் வைஸ் தேய்ந்திருந்தால் அதன் கோணல் அப்படியே வேலையில் இறங்கிவிடும். கோவையில் உள்ள எங்கள் டூல் ரூமுக்கு, இறக்குமதியான பழைய டரட் மில்லிங் மெஷின் ஒன்றுடன் சேர்ந்து வந்த கர்ட் டி675 வைஸைப் பற்றியது இந்த மதிப்பீடு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த கர்ட் நிறுவனத்தின் தயாரிப்பான இதன் ஜா (வேலைத்துண்டைக் கவ்வும் தாடை) அகலம் 6 அங்குலம், திறப்பு 7.5 அங்குலம். நன்றாக உழைத்துத் தேய்ந்த நிலையில் வந்ததால், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று பட்டறையில் பலரும் சொன்னார்கள். அளந்து பார்க்காமல் அந்த முடிவை எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த வைஸின் சிறப்பு, ஆங்லாக் என்று கர்ட் பெயரிட்டிருக்கும் அமைப்பு. ஸ்க்ரூவில் ஓடும் நட்டின் சாய்வான முகம், நகரும் ஜாவுக்குள் இருக்கும் அரைக்கோளத் துண்டு ஒன்றின் மீது அழுத்துகிறது. அதனால் ஜா முன்னோக்கித் தள்ளப்படும்போதே கீழ்நோக்கியும் இழுக்கப்படுகிறது; முன்னோக்கிய விசையில் ஏறத்தாழ பாதியளவு கீழ்நோக்கிய விசையாகக் கிடைக்கும் என்று நிறுவனம் கூறுகிறது. சாதாரண வைஸ்களில் இறுக்கும்போது நகரும் ஜா சற்றே மேலெழும், வேலைத்துண்டும் அதனுடன் எழும், அந்தப் பக்கத்தில் துண்டுக்கு அடியில் வைத்த பேரலல் (சம உயரக் கட்டை) விரலால் தள்ளினாலே ஆடும். செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி உட்கார வைப்பதும், ஜாவுக்கும் வேலைத்துண்டுக்கும் நடுவில் உருண்டைக் கம்பி வைப்பதும் அந்தக் குறையைச் சமாளிக்கும் வழிகளே. எங்களுக்கு வந்த டி675-லும் பேரலல் ஆடியது. ஆங்லாக் வைஸில் இப்படி நடந்தால், உடல் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் அரைக்கோளத் துண்டையும், நட்டுக்கும் ஜாவுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் செட் ஸ்க்ரூவையும் பார்க்க வேண்டும். யாரோ முன்பு கழற்றி மாட்டியபோது அந்தச் சிறு துண்டை உள்ளே வைக்க மறந்துவிட்ட வைஸ்களும் உண்டு.

சரிசெய்வதா, மாற்றுவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவை பெட்டும் (நகரும் ஜா ஓடும் அடித்தளம்) நிலை ஜாவும் மட்டுமே. ஜா முகத்தில் மாட்டும் தகடான ஜா பிளேட் எவ்வளவு கடிபட்டிருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள ஆட்டத்தைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். வைஸ் எப்போதும் ஒரே திசையில்தான் இறுக்கப்படுகிறது என்பதால் அந்த ஆட்டம் வேலையின் துல்லியத்தைப் பாதிப்பதில்லை. இறுக்கும்போது கரகரவென்று இருந்தால், பெரும்பாலும் ஸ்க்ரூவின் அழுத்தத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் சீவல் புகுந்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, தேவைப்பட்டால் அளவு பார்த்துப் புதிய பேரிங் போட்டால் போதும்.

பெட்டை அளக்கும் முறை எளிது. வைஸை முழுவதுமாகக் கழற்றி, அடிப்பாகத்திலும் பெட்டிலும் உள்ள பிசிறுகளை எண்ணெய்க்கல்லால் தேய்த்து எடுத்துவிட்டு, சர்ஃபேஸ் பிளேட்டில் (அளவெடுப்பதற்கான துல்லியமான சமதளம்) வைத்து, ஆடாமல் உட்காருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, நுண்ணிய உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரை இரண்டு பக்கத் தடங்களிலும் முழு நீளத்துக்கு ஓட்ட வேண்டும். நகரும் ஜா எட்டாத கடைசிப் பகுதி ஏறக்குறைய தொழிற்சாலை உயரத்திலேயே இருக்கும் என்பதால், நிலை ஜாவை ஒட்டி அதிகம் உழைத்த பகுதிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே தேய்மானம். எங்கள் வைஸில் அது 0.05 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது. பெட்டின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும். தேய்ந்த இடத்தில் அரம் வழுக்கினால் கடினத்தன்மை இன்னும் இருக்கிறது, பிடித்துச் சீவினால் அந்த அடுக்கு போய்விட்டது, அந்தப் பெட்டை கிரைண்ட் செய்தாலும் விரைவில் மீண்டும் தேயும். இதற்கு மாறாக, டிரில்லும் எண்ட் மில்லும் இறங்கிய குழிகள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தாலும் அளவைக் கெடுப்பதில்லை. அவற்றின் விளிம்பில் எழுந்து நிற்கும் பிசிறுதான் கெடுக்கும். அக்குழிகளை வெல்டிங் வைத்து நிரப்பக் கூடாது, அந்தச் சூட்டில் உடல் கோணிவிடும்.

நிலை ஜாவை இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். ஸ்பிண்டிலில் டயலை மாட்டி, குவில்லை (ஸ்பிண்டிலோடு மேலும் கீழும் நகரும் குழல்) விட்டுவிட்டு, டேபிளைத் தாங்கும் ‘நீ’ (knee) பகுதியை ஏற்றி இறக்கி, பிளேட் கழற்றிய ஜா முகத்தின் செங்குத்தைப் பார்ப்பது முதலாவது. 40 மில்லிமீட்டர் உயரத்தில் 0.03 சாய்வு இருந்தால், 80 மில்லிமீட்டர் உயரமான வேலைத்துண்டில் அது 0.06 ஆகிவிடும். ஜாவின் பின்புறத்தில் டயலை வைத்து, வழக்கமான பலத்துடன் இறுக்கி, எவ்வளவு பின்னுக்குச் சாய்கிறது என்று பார்ப்பது இரண்டாவது. கொஞ்சம் சாயாத வைஸே கிடையாது. ஆனால் தளர்த்திய பிறகு முள் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், ஜா போல்ட் செய்யப்பட்ட வகையானால் இருக்கையில் அழுக்கோ தளர்வோ இருக்கும். ஒரே வார்ப்பாக இருந்தால் அடியில் விரிசலைத் தேட வேண்டும். விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். கைப்பிடியில் பைப் போட்டு இறுக்கும் பழக்கம் உள்ள பட்டறைகளில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

எங்கள் வைஸ் இரண்டிலும் தேறியதால், அடிப்பாகத்தை ஆதாரமாக வைத்து பெட்டையும், அதே அமைப்பில் நிலை ஜா முகத்தையும் சர்ஃபேஸ் கிரைண்டரில் தேவையான அளவு மட்டும் எடுத்தோம். பிளேட்டுகளை ஓ.எச்.என்.எஸ். எஃகில் (எண்ணெயில் குளிர்வித்துக் கடினப்படுத்தும் கருவி எஃகு) செய்து, கடினப்படுத்தி, கிரைண்ட் செய்து மாட்டினோம். இப்போது இறுக்கினால் இரண்டு பேரலலும் அசைவதில்லை, ஆறு பக்கமும் மில் செய்த பிளாக் 0.02 மில்லிமீட்டருக்குள் சதுரமாக வருகிறது. இந்தத் தரத்துக்கான புதிய வைஸின் விலையோடு ஒப்பிட்டால் செலவு சிறு பங்குதான். ஒரு குறை உண்டு: பெட் உயரம் குறைந்துவிட்டதால், இன்னொரு வைஸுடன் ஜோடியாக வைத்து நீளமான வேலையைப் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே அமைப்பில் கிரைண்ட் செய்தாக வேண்டும்.

கிரைண்டிங் வசதி இல்லாதவர்கள், மென்மையான ஜா பிளேட்டுகளை மாட்டி, அவற்றை மெஷினிலேயே இறுக்கிய நிலையில் படி வெட்டிக்கொள்ளலாம். வேலைத்துண்டு அந்தப் படியில் உட்காருவதால் பெட்டின் தேய்மானமும் பிளேட்டின் சாய்வும் கணக்கில் வராமல் போகும். ஆனால் ஜா மேலெழுந்தால் இதனால் பயனில்லை.

தரமான வார்ப்பும் கடினப்படுத்திய பெட்டும் உள்ள, உதிரி பாகங்கள் தனியே கிடைக்கும் வைஸுக்கு மட்டுமே இந்த உழைப்பு தகும். பெட்டே மென்மையாக உள்ள மலிவான வைஸில், கிரைண்டிங், பேரிங், பிளேட் எல்லாம் சேர்ந்து புதியதன் விலையில் பாதியைத் தொட்டால் நான் மாற்றிவிடுவேன். அப்படிப் புதிது வாங்குவோர், கர்ட்டின் 6 அங்குல வைஸ்களின் ஜா பிளேட் துளை இடைவெளியையே பின்பற்றும் மாடலைத் தேர்ந்தெடுத்தால், பிற்காலத்தில் பிளேட்டுக்கு அலைய வேண்டியிருக்காது. புதிய வைஸையும் டேபிளில் மாட்டுவதற்கு முன் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து மேற்சொன்ன அளவுகளை எடுத்துவிடுங்கள், பெட்டின் உயரம் 0.03 மில்லிமீட்டருக்கு மேல் மாறினால், பயன்படுத்தத் தொடங்கும் முன்பே கடைக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் சரி.