ஒழுகும் லைன் வீட்டுக்கு எங்கே மனு கொடுப்பது? நாங்கள் போன வழிகள் எப்படி இருந்தன

நீலகிரியில் தோட்ட லைன் வீட்டில், அதாவது தேயிலைத் தோட்ட நிர்வாகம் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீட்டில், குடியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூரை ஒழுகுகிறது, சுவர் பூத்துவிட்டது, கக்கூஸ் குழி நிரம்பிவிட்டது என்று மேஸ்திரியிடம் சொல்லி, அவர் மேனேஜரிடம் சொல்லி, ஆடி மழை முடிந்து ஐப்பசி மழையும் வந்துவிட்ட நிலையில் இருப்பவர்களுக்கு. மிக்ஸி வாங்கினால் அது எப்படி என்று நாலு பேர் எழுதுகிறார்கள். புகார் கொடுக்கிற இடங்கள் எப்படி என்று எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் அம்மா குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். எந்தத் தோட்டம் என்று சொல்லப்போவதில்லை, அம்மா இன்னும் அங்கேதான் மஸ்டருக்கு (ஆஜர் எடுக்கும் இடத்துக்கு) போகிறார். சமையல் அடுப்புக்கு நேர் மேலே கூரை ஷீட் விரிசல் விட்டுப் போயிருந்தது. பின்பக்கச் சுவர் மண்மேட்டை ஒட்டி இருப்பதால் அடியிலிருந்து ஈரம் ஏறி, கட்டில் உயரத்துக்குக் கருப்பாகப் பூசணம். தங்கச்சி பையனுக்கு இழுப்பு. இதைச் சொன்னால் நிர்வாகத்திலிருந்து வந்த பதில், நீங்கள் வீட்டுக்குள் துணி காயப்போடுகிறீர்கள், அடுப்புப் புகை வேறு, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பது. எங்கள் பக்கம் மார்கழியில் ஜன்னலைத் திறந்தால் மேகம்தான் உள்ளே வரும். ஷீட்டில் விரிசல் இருக்கிறது, சுவர் தண்ணீர் குடிக்கிறது, இதற்குக் குடியிருப்பவர் எப்படிக் காரணம் ஆவார்?

இந்தப் பதில் எங்களுக்கு மட்டும் கிடைப்பது இல்லை. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், ஏழைகளுக்கான வாடகைக் குடியிருப்பில், பூசணம் பிடித்த வீட்டில் இருந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்துபோனான். பெற்றோர் அதற்கு முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். மேலே பெயின்ட் அடித்துக்கொள் என்று அப்பாவிடம் சொல்லப்பட்டது. அந்தக் குழந்தையின் பெயரால் அங்கே விதி வந்தது: 2025 அக்டோபர் 27 முதல், உயிருக்கு ஆபத்தான பழுது என்றால் 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும், கடுமையான ஈரமும் பூசணமும் என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் செய்யவில்லையா, குறைகேட்பு அதிகாரியிடம் காசில்லாமல் போகலாம். நம் ஊரில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இந்தக் கெடு இல்லாததுதான். புகார் வாங்க நம்மிடம் ஆள் உண்டு, என்றைக்குள் சரியாகும் என்று தேதி சொல்ல ஆள் இல்லை.

சரி, நம் சட்டத்துக்கு வருவோம். லைன் வீடு யாரும் தயவில் கொடுப்பது அல்ல. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுப்பதும், அதைப் பராமரிப்பதும் முதலாளியின் கடமை என்று 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அந்தச் சட்டம் இப்போது 2020இல் கொண்டுவந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது, 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக் கடமை அதிலும் உண்டு, குடிநீர், சமையலறை, கழிப்பறை என்று பெயர் சொல்லியே உண்டு. ஆகவே மனு எழுதும்போது ‘ஐயா மனமிரங்கி’ என்று எழுத வேண்டாம், சட்டத்தின் பெயரை எழுதுங்கள்.

இன்னொன்று நிறையப் பேருக்குத் தெரியவில்லை. தோட்டம் கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தில் ஒருவரோ இறந்தால், காயப்பட்டால், முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1981இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள், இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இருக்கிறது. குடியிருப்பவரின் தவறு மட்டுமே காரணம் என்றாலோ, இயற்கைப் பேரிடர் மட்டுமே காரணம் என்றாலோ கிடையாது. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த மாவட்டம் இது, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இங்கே சுவர் விழுந்தால் முதலில் வரப்போகிற வார்த்தை ‘மழை’ என்பதுதான். சுவரில் வெடிப்பு இருக்கிறது என்று மழைக்கு முன்பே நீங்கள் எழுதிக் கொடுத்து சீல் வாங்கி வைத்திருந்தால் மழைமேல் முழுப் பழியையும் போட முடியாது. ரிப்பேர் நடக்கிறதோ இல்லையோ, அந்தக் காகிதத்துக்காகவே மே மாதத்துக்குள் மனு கொடுத்துவிடுங்கள்.

இனி போன வழிகள். வாய்வார்த்தைப் புகாருக்கு மதிப்பெண் போட எதுவும் இல்லை, சொன்னதற்கு அடையாளமே இருக்காது. நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து கேளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பதில் வரவில்லை, ஆனால் பின்னால் போன எல்லா இடத்திலும் முதலில் கேட்டது அந்த ரசீதைத்தான்.

1100 எண்ணில் கூப்பிட்டால் முதல்வரின் முகவரித் துறையில் புகாரைப் பதிந்து எண் தருகிறார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பேசலாம், ஒரு நாள் சம்பளம் போகாது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. அதே சமயம் அங்கிருந்து புகார் சம்பந்தப்பட்ட துறைக்குத்தான் போகும், துறை எழுதும் பதிலைப் பொறுத்துத்தான் மிச்சமெல்லாம். ‘வீடு ஒழுகுது’ என்று மட்டும் சொன்னால் பஞ்சாயத்துக்கோ வேறெங்கோ போய்விடலாம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, தொழிலாளர் துறைக்கு அனுப்புங்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம் தெரிந்ததுதான். ஒரு நாள் வேலை போகும், பஸ் செலவு இருக்கிறது, ஆனாலும் லைனில் உள்ள பெண்கள் நாலைந்து பேர் ஒன்றாகப் போய் போட்டோவோடு நிற்பதற்கு ஒரு கனம் இருக்கிறது. மனு எண் வாங்காமல் வராதீர்கள்.

அப்புறம் எங்களுக்கு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மனுக்களில் ஒன்று சுற்றிச் சுற்றி ஒரு அலுவலகத்துக்குப் போனது, பெயர் வேண்டாம். அவர்கள் அதை எங்கள் மேனேஜருக்கே அனுப்பி, ‘நிர்வாகத்திடம் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதி முடித்துவைத்துவிட்டார்கள். யார்மேல் புகாரோ அவரிடமே புகார்! அம்மாவை பெரிய ஆபீசுக்குக் கூப்பிட்டு, வீடு பிடிக்கவில்லை என்றால் காலி செய்யலாமே என்று கேட்டார்கள். லைனில் யாரும் வாய் திறக்காததற்குக் காரணமே இந்த ஒரு கேள்விதான். ரிட்டயர் ஆகும்போது வீட்டைக் காலி செய்தால்தான் பணிக்கொடை என்று இழுத்தடிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பயந்துபோனவர்கள் எங்கள் மக்கள். பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 1972 சட்டத்திலிருந்தே உள்ள விதி. வீட்டைக் காலி செய்தால்தான் கொடுப்போம் என்று அந்த விதியில் எங்கும் இல்லை. இதற்குப் பிறகு எல்லா மனுவிலும் லைன் முழுக்கக் கையெழுத்து வாங்கினோம், யூனியன் ஆளையும் சேர்த்துக்கொண்டோம். தனி வீட்டு மனுவைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

உண்மையில் வேலை நடந்தது தோட்ட ஆய்வாளருக்கு எழுதியதில்தான். வீட்டுக்குள் வந்து பார்க்கவும், சட்டப்படி நிர்வாகத்தைக் கேள்வி கேட்கவும் அதிகாரம் உள்ள ஆள் அவர். மனுவோடு மழை நேரத்தில் எடுத்த வீடியோ, தேதி தெரிகிற போட்டோ, பையனுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு எல்லாம் வைத்தோம். உடனே வந்துவிடவில்லை. வரவழைத்தது தகவல் உரிமைச் சட்டம் என்றே நம்புகிறேன். தனியார் தோட்டத்திடம் நேராகத் தகவல் கேட்க முடியாது, ஆனால் ஆய்வாளர் அலுவலகத்திடம் கேட்கலாம்: எங்கள் லைனைக் கடைசியாக எப்போது ஆய்வு செய்தீர்கள், அறிக்கையின் நகல் கொடுங்கள், என்ன குறை எழுதினீர்கள், எந்தத் தேதிக்குள் சரிசெய்யச் சொன்னீர்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத்தாள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. இந்த வரிசையில் முழு மதிப்பெண் நான் போடுவது இதற்கு மட்டும்தான், ஏனென்றால் 2005இலிருந்தே இதில் கெடு சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு, பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு, ஆலை தோட்டத் தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். எண் 15100. வக்கீல் கையெழுத்துப் போட்ட ஒரு நோட்டீசுக்கு இருக்கிற மரியாதை நம் பத்து மனுவுக்குக் கிடைப்பதில்லை, வருத்தமான விஷயம்தான், ஆனால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுவசதி வாரியத்திலோ, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திலோ, அதாவது முன்னாள் குடிசை மாற்று வாரியத்திலோ இருப்பவர்களுக்குத் தோட்ட ஆய்வாளர் உதவமாட்டார். நீங்கள் வாரியத்தின் செயற்பொறியாளருக்கு எழுத வேண்டும், தகவல் உரிமையை வாரியத்தின்மேலேயே நேராகப் போடலாம். பணம் கட்டி ஒதுக்கீடு வாங்கிய வீடு என்றால் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, வீடு கட்டித்தருவதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லிவிட்டது.

எங்கள் வரிசைக்கு ஷீட் மாற்றிவிட்டார்கள், முகட்டுத் தகடும் புதிது. பின்சுவர் அப்படியே இருக்கிறது, மண்மேட்டை வெட்டி வாய்க்கால் எடுத்தால்தான் ஈரம் நிற்கும், அதற்கு நிர்வாகம் இன்னும் வரவில்லை. ஆய்வு அறிக்கையில் சுவரைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று கேட்டு அடுத்த விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.