பிளான்டையரில் லிவிங்ஸ்டன் அருங்காட்சியகம்: சுமந்தவர்களுக்கும் இடமளிக்கும் வரலாறு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரையடுத்து, கிளைடு ஆற்றங்கரையில் உள்ள பிளான்டையரில், ஆப்பிரிக்காவில் பணியாற்றிய மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் 1813-இல் பிறந்த ஆலைத் தொழிலாளர் குடியிருப்பே இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. 1929-இல் திறக்கப்பட்டு, விரிவாகப் புதுப்பிக்கப்பட்டபின் 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டது. மிஷனரி வரலாற்றைத் தனியொருவரின் வீரக்கதையாகவே படித்துப் பழகியவர்கள் அவசியம் இங்கே வர வேண்டும்.

முதலில் அந்த ஒற்றை அறையைப் பாருங்கள். ஏறத்தாழ 14 அடிக்கு 10 அடி அளவுள்ள அந்த இடத்தில்தான் பெற்றோரும் ஐந்து பிள்ளைகளும் சமைத்து, உண்டு, உறங்கினார்கள். பத்து வயதில் பஞ்சாலைக்குப் போன சிறுவன், காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை அறுந்த நூலை முடிந்துகொண்டே, இயந்திரத்தின் மேல் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தான். பின்னாளில் அடிமை வணிகத்தை எதிர்த்தவர் வளர்ந்த ஆலைக்கு அடிமைகள் விளைவித்த பருத்தியே வந்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

சேகரிப்பின் அரிய பொருள் லிவிங்ஸ்டனின் 1871-ஆம் ஆண்டு நாட்குறிப்பின் தாள்கள். காகிதமும் மையும் தீர்ந்துபோன நிலையில், பழைய செய்தித்தாளின் அச்செழுத்துகளுக்குக் குறுக்கே, செடியிலிருந்து எடுத்த சாயத்தால் எழுதப்பட்டவை அவை. இன்றைய காங்கோவில் உள்ள நியாங்வே சந்தையில் அடிமை வணிகர்கள் நடத்திய படுகொலையை அவர் நேரில் கண்டு பதிந்ததும் இவற்றில்தான். மங்கிப்போன அந்த எழுத்துகளை அண்மைக் காலத்தில் வெவ்வேறு நிற ஒளிகளில் படமெடுக்கும் பல்நிற ஒளிப்படமுறையால் மீட்டுப் படித்திருக்கிறார்கள்.

புதுப்பித்தலின் பெரும் பயன், லிவிங்ஸ்டனுடன் நடந்த ஆப்பிரிக்கர்களுக்கும் மனைவி மேரிக்கும் உரிய இடம் கிடைத்திருப்பதே. 1873 மே மாதம், இன்றைய ஜாம்பியாவில் உள்ள தலைவர் சித்தாம்போவின் ஊரில் லிவிங்ஸ்டன் இறந்தபோது, இதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு, உப்பிட்டு உலர்த்திய உடலை மரப்பட்டையில் சுற்றி, ஆயிரம் மைலுக்கும் மேல் சுமந்து கடற்கரை சேர்த்தவர்கள் சூமாவும் சூசியும் அவர்களுடைய தோழர்களும்தான். அவர்களுள் ஒருவரான ஜேக்கப் வெயின்ரைட், அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டு நம் நாட்டின் நாசிக்கில் மிஷன் பள்ளியில் பயின்றவர். அந்த மரத்தில் கல்லறை வாசகத்தைச் செதுக்கிய அவர், 1874-இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் நடந்த அடக்கத்திலும் உடனிருந்தார். சூமாவும் சூசியும் இங்கிலாந்து வந்து சேர்ந்தபோதோ அடக்கம் முடிந்துவிட்டது.

போகுமுன், இன்றைய போட்ஸ்வானாவில் வாழும் பக்வேனா மக்களின் அன்றைய தலைவர் செச்செலேயைப் பற்றிப் படித்துவிட்டுச் செல்வது நல்லது. லிவிங்ஸ்டன் 1848-இல் ஞானஸ்நானம் கொடுத்த அவர், பின்னர் திருச்சபை ஒழுங்கை மீறினார் என்று விலக்கப்பட்டார். ஆயினும் தம் மக்களிடையே தாமே பிரசங்கித்து விசுவாசத்தைப் பரப்பியதில் அவருடைய பங்கு பெரிது. சிற்பி பில்கிங்டன் ஜாக்சன் வடித்த வண்ணச் சிற்பத் தொகுதிகளைக் கடைசியில் பார்க்கலாம். அரை நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.