904எல் எஃகு: துரு அண்டவில்லை, கீறல் விடவில்லை

சர்வீஸ் முடிந்து வந்த என் 904எல் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நண்பர் கேட்டார்: “904எல் எஃகுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?”

904எல் என்பது துருப்பிடிக்காத எஃகில் ஒரு ரகம்; கடிகாரங்களில் வழக்கமாக வருவது 316எல். 904எல் கடிகாரத்தை ஆண்டுக்கணக்கில் கட்டியவன் என்பதால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மணிக்கட்டு நன்றாக வியர்க்கும். பழைய 316எல் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தபோது, ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் ஊசிமுனை அளவுக்குக் கறுத்த குழிகள். வியர்வையின் குளோரைடு இடுக்கில் தேங்கினால், எஃகைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தையே துளைத்துவிடும். 904எல்லில் அதே பள்ளம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. இப்படிக் குழி விழாமல் தடுக்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் 316எல்லில் 2 முதல் 3 சதவீதம்தான், இதில் 4 முதல் 5. குரோமியமும் நிக்கலும் அதிகம், தாமிரமும் கொஞ்சம் உண்டு. கந்தக அமிலத்தைத் தாங்குவதற்கென்றே உருவான எஃகு இது. ரோலெக்ஸ் 1985இல் இதைத் தன் கடிகாரத்துக்குக் கொண்டுவந்தது. (மணிக்கட்டில் யார் அமிலம் ஊற்றிக்கொள்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.)

ஆனால் அந்தப் பட்டையின் கொக்கி! மேசை விளிம்பில் கை உரசும் இடம் அதுதான். விளக்கடியில் சற்றே சாய்த்தால் போதும், மெருகிட்ட பரப்பெங்கும் குறுக்கும் நெடுக்குமாக மயிரிழைக் கோடுகள். விற்பவர்கள் “உறுதியான எஃகு” என்று கூசாமல் சொல்கிறார்கள். எதற்கு உறுதி? துருவுக்கு, சரி. கீறலுக்கு இல்லை. 316எல், 904எல் இரண்டுமே ஆஸ்டெனைட் என்னும் படிக அமைப்பு கொண்ட வகை, சூடேற்றிக் கடினமாக்க முடியாதவை. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் இரண்டும் ஏறக்குறைய 150 முதல் 200க்குள் அடங்கிவிடும். மேலே இருக்கும் சஃபையர் கண்ணாடி 2000 அளவில் நிற்கிறது, அதில் ஒரு கோடு கூட விழவில்லை.

சர்வீஸுக்குக் கொடுத்தபோது “மெருகு போட வேண்டாம்” என்று சீட்டிலேயே எழுதினேன். போட்டுவிட்டார்கள். பட்டை சேரும் இடத்தில் விளிம்பு முன்பு நகத்தில் தட்டும், இப்போது நகம் வழுக்கிக்கொண்டு போகிறது. மெருகு என்றால் உலோகத்தைத் தேய்த்து எடுப்பதுதான். தேய்ந்த விளிம்பை இனி யார் தருவார்கள்?

ஆகவே நண்பருக்குச் சொன்னேன்: 316எல்லே வாங்குங்கள், மெருகில்லாத கோடிழைத்த பரப்பாகப் பார்த்து. குளித்தபின் துடைத்துவையுங்கள். கீறல்தான் கவலை என்றால் மேற்பரப்பைக் கடினப்படுத்திய எஃகு இருக்கிறது. ஜெர்மனியின் சின் நிறுவனம் அதற்கு 1200 விக்கர்ஸ் சொல்கிறது.

“அப்படியானால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள்” என்றார்.

அது நடக்காது.