ஞாயிறு நாடக வகுப்பும் ஷூட்டிங் கூட்டமும்: இரண்டுக்கும் போகிறவள் எழுதும் விமர்சனம்

உடுமலையில் தையற்கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவைக்கு நடிப்பு வகுப்புக்குப் போகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்பு நடந்தால், கையில் அவசரத் துணி இல்லாத நாளாகப் பார்த்து, காட்சியில் பின்னால் தெரிகிற கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கவும் போகிறேன். இது தெரிந்ததில் இருந்து கடைக்கு வருகிற பெண்கள் பிளவுஸ் அளவு கொடுக்கும் முன்பே, "ஏனுங்க்கா, நானும் வரலாமா? எவ்வளவு கட்டோணும்? எவ்வளவு கிடைக்கும்?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் சொல்லி மாளவில்லை, எழுதியே விடுகிறேன். வகுப்பின் பெயரைப் போடவில்லை. இருபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, விளம்பரம் வேண்டாம் என்று நடத்துகிறவர் சொல்லிவிட்டார். என்னை ஷூட்டிங்குக்கு அழைத்துப்போன ஏஜென்ட்டின் பெயரைப் போடாததற்குக் காரணம் வேறு.

முதலில் வகுப்பு. காந்திபுரத்தில் இருந்து நடக்கிற தூரத்தில் ஒரு டுடோரியலின் மொட்டைமாடிக் கொட்டகை. உடுமலை பஸ் உக்கடத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து டவுன் பஸ். காலை பத்து மணி என்பார்கள், பத்தரைக்குக் குறைந்து ஆரம்பித்ததில்லை. மாதம் 1,500 ரூபாய். சரவணம்பட்டி ஐடி கம்பெனிப் பையன்கள், ஒரு நர்ஸ், கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், பாங்க்கில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பெண் என்று எல்லா மாதிரியும் வருகிறார்கள். சார் யாரையும் "நீங்க எதுக்கு வந்தீங்க" என்று கேட்பதில்லை. அதற்கே ஒரு மார்க்.

ஆரம்பத்தில் வசனமே தர மாட்டார். மூச்சு, நடை, குரல் இவ்வளவுதான். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், ஆனால் கத்தக் கூடாது. கத்தினால் கழுத்து நரம்பு புடைக்கும், தொண்டை கட்டும், கேட்கிறவனுக்குச் சத்தம்தான் போய்ச் சேரும், சொல் போகாது. வயிற்றைக் கட்டி மூச்சைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்கிறார். ஒரு வாரம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வந்து, அவர் மாதிரி உட்கார்ந்து காட்டச் சொன்னார். பேசிக் காட்டக் கூடாது, உட்கார மட்டும் வேண்டும். சிரிப்பாக இருந்தது. லேத் பட்டறை அண்ணா பழனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மொட்டைத்தலைப் பெரியவர் ஒருவரைப் போல உட்கார்ந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. பையை மடியில் வைத்து, வாயைக் கையால் பொத்திக் கொட்டாவி விட்டு, பஸ் வருகிற பக்கம் கழுத்தை நீட்டி, ஏமாந்து திரும்புவார். அவ்வளவுதான், ஆனால் அந்தப் பெரியவரை நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

என்னைப் பொறுத்தவரை கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது வேறொரு பயிற்சியில். ஒருத்தர் பேசுவார், எதிரில் நிற்கிறவர் கேட்க வேண்டும். முகத்தில் எதுவும் காட்டாமல், நிஜமாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். கண் தானாக உருளும், தலை ஆடும், கை தலைப்பைத் தேடும். "நீ கேக்கறதா நடிக்கற, கேளு" என்பார் சார். இந்த ஒன்று ஷூட்டிங்கில் எப்படி உதவியது என்று பிறகு சொல்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு நாடகமாவது போடுவோம். பள்ளிக்கூட ஹால், மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் உறவுக்காரர்கள். கிணற்றுப் பங்கு பிரிக்கிற அண்ணன் தம்பி கதையில் நான் ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக, வந்து பேச்சை மாற்றுகிற பெரியம்மா. சினிமாவில் கொங்குக்காரர் என்றால் எல்லா வார்த்தைக்கும் ஒரு 'ங்க' ஒட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எங்கள் சார் அதற்கு விட மாட்டார். கோபத்தில் மரியாதை கூடுகிற வீடு உண்டு, குறைகிற வீடு உண்டு, இந்தக் குடும்பம் எது என்று முடிவு பண்ணிவிட்டுப் பேசு என்பார்.

குறையும் சொல்ல வேண்டும் அல்லவா. கேமரா முன்னால் நிற்கச் சொல்லித்தருவதே இல்லை. சாருக்குச் சினிமா மேல் ஒரு இளப்பம் இருக்கிறது, ஆனால் உதாரணம் சொல்வதெல்லாம் சினிமாவுக்குப் போனவர்களைத்தான். 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவைப் பற்றி ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். பசுபதி அங்கிருந்து வந்தவர், விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதுகிற வேலையில் இருந்தவர் என்று சொல்வார். பையன்கள் கண் விரியக் கேட்கிறார்கள். ஆனால் விஜய் சேதுபதி கதாநாயகன் ஆவதற்கு முன்னால் எத்தனை படத்தில் கூட்டத்தில் ஒருத்தராக வந்து போனார் என்பது அவர்கள் காதில் ஏறுவதில்லை. மூணு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது தாராபுரத்து நாகேஷ் கதை. ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே நாடகத்தில் நடித்தவர். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சின்ன வேஷம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அதைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். சின்ன வேஷம்தானே என்று அவர் ஏனோதானோவென்று செய்திருந்தால் யார் பேசியிருப்பார்கள்?

எங்கள் உடுமலைக்கும் இதில் பங்கு உண்டு. பூளவாடியில் பிறந்த நாராயண கவி நாடகத்தில் தொடங்கிப் பாட்டெழுதச் சினிமாவுக்குப் போனவர், உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. வல்லக்குண்டாபுரத்துக் கவுண்டமணியும் நாடகத்தில் இருந்து போனவர்தான். ஒரு காலத்தில் சென்னைக்கே போக வேண்டியதில்லை. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் ஓடிக்கொண்டிருந்தன. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்து 1947-இல் வந்த படம் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்ததுதான். இப்போது ஸ்டுடியோ இல்லை. ஆழியாறு, சேத்துமடை, கோபிப் பக்கம் கொடிவேரி என்று எங்கள் ஊர்களை வந்து படம்பிடித்துக்கொண்டு போகிறார்கள். வாய்க்காலும் தென்னந்தோப்பும் இங்கே இருக்கின்றன, கூட்டத்துக்கு ஆளும் இங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆள்தான் நான்.

கூட்டத்து வேலை இப்படி. முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஏஜென்ட்டிடம் இருந்து போன் வரும். "அக்கா, காலைல அஞ்சு மணிக்கு வேன். கல்யாண சீன். பட்டுச்சேலை ரெண்டு எடுத்துக்குங்க, வெள்ளை வேண்டாம், பளபளன்னு வேண்டாம்." இதில் என் தொழில் உதவியது. பொடிக் கட்டமும் நெருக்கமான மெல்லிய கோடும் போட்ட துணி கேமராவில் அலையடிக்கிற மாதிரி தெரியும். அழுத்தமான ஒரே நிறம், நடுத்தரக் கரை என்று எடுத்துப்போனால் உடை பார்க்கிறவர்கள் தொந்தரவு செய்ய மாட்டார்கள். மற்றவர்களை மாற்றச் சொல்லி அனுப்பும்போது நான் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

சென்னையில் இருந்து சங்க அட்டை (துணை நடிகர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை) உள்ள துணை நடிகர்கள் வருவார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும், எங்கே நிழல் என்பது உட்பட. எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்கள் பின்வரிசை நிரப்ப. காத்திருப்பதுதான் வேலையில் முக்கால்வாசி. வெளிச்சம் சரியாக வேண்டும், மேகம் போக வேண்டும், ஹீரோ வர வேண்டும். அதுவரை சேலை கசங்காமல் உட்கார வேண்டும். புத்தகம் கொண்டுபோங்கள், போன் சார்ஜை நம்பாதீர்கள்.

"பாசிங்" என்று ஒன்று உண்டு. முன்னால் கதாநாயகி பேசிக்கொண்டிருக்க, பின்னால் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் நடந்து போக வேண்டும். கேமராவைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவரோடு பேசுகிற மாதிரி வாயசைக்க வேண்டும், சத்தம் வரக் கூடாது. சில படங்களில் முன்னால் பேசுகிறவர்களின் குரலை அங்கேயே பதிவு செய்கிறார்கள், கூட்டத்து இரைச்சலைப் பிறகு தனியாகச் சேர்த்துக்கொள்வார்கள். கொலுசு, வளையல், செருப்புச் சத்தம் எதுவும் ஆகாது. ஒருமுறை எங்கள் நாடகக் குழுவில் இருந்து வந்த பையன் ஒருத்தன் பாசிங்கில் நின்று, யோசித்து, நெற்றியைத் தடவி, பெருமூச்சு விட்டு நடந்தான். மேடையாக இருந்தால் கைதட்டு. உதவி இயக்குநர் ஓடி வந்து, "தம்பி, நடிக்காதீங்க, நடங்க" என்றார். என்னைக் கேட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அதில் இருக்கிறது. மேடையில் பார்க்கிறவனின் கண் நம் மேல் திரும்ப வேண்டும். கூட்டத்தில் அந்தக் கண் நம் மேல் பட்டும் நிற்காமல் போக வேண்டும். அதற்கும் பயிற்சி வேண்டும், சும்மா வராது. வகுப்பில் செய்த அந்தக் கேட்கிற பயிற்சி இங்கேதான் கைகொடுத்தது. பந்தலில் மணமேடையைப் பார்த்து உட்கார வைத்தார்கள். நான் மணமேடையைப் பார்த்தேன், அவ்வளவுதான். பார்க்கிற மாதிரி நடிக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் என்னை இரண்டு வரிசை முன்னால் நகர்த்தினார்கள்.

அந்தக் கல்யாண சீனில் கன்டினியூட்டி (ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் தோற்றம் மாறாமல் இருக்கிறதா என்று) பார்க்கிற தம்பி எங்கள் தலையை எல்லாம் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். காலையில் வைத்த மல்லிகை மதியம் வாடிவிடும், அதே நீளத்துக்குப் புதுப்பூ வைக்க வேண்டும். இலையில் சாதம் குறையக் கூடாது என்பதால் கையைத்தான் வாய்க்குக் கொண்டுபோனோம். இன்னொரு சங்கதி. கதை நடப்பது கொங்கு நாட்டில், கவுண்டர் வீட்டுக் கல்யாணம். ஐயர் ஒருவரை உட்கார வைத்து மந்திரம் சொல்ல வைத்தார்கள். எங்கள் பக்கம் அருமைக்காரர் என்கிற பெரியவர்தான் கல்யாணத்தை நடத்திவைப்பார், மங்கல வாழ்த்து என்கிற பாட்டும் பாடுவார்கள். பின்வரிசையில் இருந்த ஆனைமலை அம்மா ஒருவர் தாங்க முடியாமல், "அருமைக்காரர் எங்கடா கண்ணு? மங்கல வாழ்த்து யாரு பாடறது?" என்று கேட்டேவிட்டார். அதைக் காதில் வாங்கிய தம்பி தலையாட்டிவிட்டுப் போனார். ஒன்றும் மாறவில்லை. படம் வந்தபோது என் கொண்டையும் முதுகும் தெரிந்தன. எங்க வீட்டுக்காரர் சேலைக் கரையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

இனி பணம். 600 ரூபாய் என்று சொல்லி அழைத்துப்போன ஏஜென்ட், வேன் வாடகை, கமிஷன் என்று கழித்து 450 அனுப்பினார். அதுவும் பல வாரம் போன் போட்டுக் கேட்ட பிறகு. கமிஷன் எடுப்பது தப்பில்லை, ஆள் சேர்ப்பதும் வேலைதான். முதலிலேயே சொல்ல வேண்டும். அதைவிட மோசம், எங்களோடு வந்த கல்லூரிப் பெண்ணிடம் "சங்க அட்டை வாங்கித் தரேன்" என்று ஒரு தொகையும், போட்டோ ஆல்பத்துக்கு என்று தனியாக ஒரு தொகையும் கேட்டார். கூட்டத்தில் நிற்க யாருக்கும் நாம் பணம் தர வேண்டியதில்லை. வேலை செய்தால் அவர்கள்தான் தர வேண்டும். அட்டை வேண்டுமானால் சங்க அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள். போட்டோவுக்கு நல்ல வெளிச்சத்தில் சாதாரண போன் போதும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரம் ஒன்று. பில்டர் போட்டு வெள்ளையாக்க வேண்டாம், நேரில் பார்த்ததும் தெரிந்துவிடும்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கழிப்பறை வசதி இடத்துக்கு இடம் மாறும். தோப்புக்குள் எடுத்த ஒரு ஷூட்டிங்கில் கூட்டத்துக்கு என்று ஒன்றுமே இல்லை, பக்கத்துத் தோட்டத்து வீட்டில் கேட்டுப் போனோம். உடை மாற்ற நாலு பேர் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினோம். கேரவன் எல்லாம் பெரிய நடிகர்களுக்கு. தனியாகப் போகாதீர்கள், தெரிந்த ஒருத்தரோடு போங்கள். எந்த இடம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். "டைரக்டரைத் தனியாப் பார்க்கலாம் வாங்க" என்று எவராவது சொன்னால் அந்த நம்பரை அன்றே பிளாக் பண்ணிவிடுங்கள்.

ஆக, நடிக்கக் கற்க வேண்டுமா, ஞாயிறு வகுப்புக்கு வாருங்கள், தாமதமாகத் தொடங்கினாலும் தாராளமாகக் காசு கொடுக்கலாம். படம் எப்படி எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆசையா, வருஷத்தில் ஓரிரு நாள் கூட்டத்துக்குப் போங்கள். வருமானத்துக்கு என்றால் வேண்டாம். அன்று கடையில் உட்கார்ந்து லைனிங் பிளவுஸ் தைத்தாலே எனக்கு அதைவிடக் கூட வரும். வகுப்பின் விலாசம் வேண்டும் என்கிறவர்கள் கடைக்கு வாருங்கள், சொல்கிறேன். அந்த ஏஜென்ட்டின் நம்பரைக் கேட்காதீர்கள், தர மாட்டேன். இப்போது வேறொரு அண்ணா மூலமாகப் போகிறேன். சொன்ன பணத்தை அன்று சாயங்காலமே கையில் கொடுத்தார். அடுத்த தடவையும் கொடுக்கிறாரா என்று பார்த்துவிட்டு அவரைப் பற்றி எழுதுகிறேன்.