இரும்பா, அலுமினியமா, கார்பனா: ஐந்து பாலம் தாண்டிப் பார்த்தது

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சைக்கிளில் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் ஏறி இறங்க வேண்டும். ரோடும் பாலமும் சேரும் இடத்தில் ஒரு 'தடக்'. எந்தப் பொருளில் செய்த ஃபிரேம் (சைக்கிளின் சட்டம்) குலுக்கலைக் குறைக்கும் எனச் சோதிக்க இது போதும் என்று அப்பாவின் பழைய இரும்பு சைக்கிள், என் அலுமினிய ஹைப்ரிட் (ரேஸ் வண்டிக்கும் மலை வண்டிக்கும் இடைப்பட்டது), நண்பரிடம் இரவல் வாங்கிய கார்பன் ரேஸ் சைக்கிள் மூன்றையும் நாளுக்கொன்றாக ஓட்டிப் பார்த்தேன்.

அப்பாவின் வண்டியில் அந்தத் தடக் முதுகுவரை வரவே இல்லை. "இரும்பு அதிர்வைக் குடிச்சிடும்" என்பார்கள். எனக்குப் பாதி நம்பிக்கைதான். அந்த வண்டியில் இரும்பைத் தவிர 28 இஞ்ச் சக்கரம், ஒன்றரை இஞ்ச் டயர், ஸ்பிரிங் சீட், முன்னால் நீண்டு சாய்ந்த ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) எல்லாம் இருக்கின்றன. குலுக்கலில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது இவைதான்.

அலுமினியத்துக்குக் 'கட்டை வண்டி', அதாவது விறைப்பாகக் குலுக்கும் வண்டி, என்று கெட்ட பெயர். வேடிக்கை என்னவென்றால், இரும்பைவிட மூன்று மடங்கு எளிதாக வளையக்கூடிய உலோகம் அது. எடையும் மூன்றில் ஒரு பங்குதான். அப்புறம் ஏன் கட்டை? இரும்பு ஓர் அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை குலுக்கினாலும் சோர்ந்துபோகாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது; வளைந்து வளைந்து ஒரு நாள் வெல்டு ஓரத்தில் விரிசல் விடும். அதனால் வளையவே விடக்கூடாதென்று குழாயைப் பருமனாகப் போடுகிறார்கள். சுவரின் கனத்தை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். குழாயின் பருமன் செய்கிற வேலைக்கு உலோகம் திட்டு வாங்குகிறது.

இதைச் சரிபார்க்க என் ஹைப்ரிட்டிலேயே டயரை மாற்றினேன். 28 மி.மீ. டயரில் 90 பவுண்டு காற்று இருந்தது. வெண்ணாற்றுப் பாலத்திலேயே மணிக்கட்டு வலித்தது. 35 மி.மீ. டயர் போட்டு 50 பவுண்டுக்கு இறக்கிய பிறகு, அதே ஃபிரேமில் காவிரியைத் தாண்டி அசோகா அல்வா சாப்பிடும் வரை மணிக்கட்டு ஞாபகமே வரவில்லை. முக்கோணமாகக் கட்டிய ஃபிரேம் மேலிருந்து கீழாக அமுங்குவது மிகச் சொற்பம். டயரோ பல மில்லிமீட்டர் அமுங்கும்.

கார்பன் ஃபிரேம் உலோகமல்ல, கார்பன் இழைகளைப் பிசினில் அடுக்கிச் செய்வது; இழையை எந்தத் திசையில் அடுக்குகிறோம் என்பதில்தான் சூட்சுமம். மிதிக்கும்போது பக்கவாட்டில் விறைப்பாகவும், சீட்டுக்கடியில் சற்று நெகிழ்வாகவும் செய்துவிடலாம். பைபாஸில் சுகமோ சுகம். ஆனால் இரவல் வண்டியில் 25 மி.மீ. டயர், ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரல் நுழையாத இடைவெளி. மழை பெய்த மறுநாள் வாய்க்கால் கரையில் இறக்கினேன். நூறு அடி போவதற்குள் களிமண் அப்பிச் சக்கரம் நின்றுவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தேன். லேசான வண்டி, அந்த மட்டில் உபகாரம். கீழே போட்டால் உள்ளே விட்ட விரிசல் வெளியில் தெரியாமலும் போகலாம்.

டைட்டானியம் துருப்பிடிக்காது, சுகமாகவும் இருக்கும். விலையைக் கேட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஆக, சுகத்துக்காக ஃபிரேமைத் தேடுவதைவிட, எவ்வளவு அகல டயர் உள்ளே போகும் என்று கடையில் கேளுங்கள். உலோகத்தைப் பார்க்க வேண்டியது வேறு காரணத்துக்காக. இரும்பு உடைந்தால் டிராக்டர் பட்டறையில் கேஸ் வெல்டிங் வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும். பற்றவைத்த இடம் பழைய பலத்துக்கு வர மறுபடி சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும், அதற்கு இங்கே ஆள் தேட முடியாது. மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் என்றால் நான் இரும்பைத்தான் சொல்வேன்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் என்றால் கதை வேறு. உப்புக்காற்று இரும்புக் குழாயை உள்ளிருந்தே அரித்துவிடும். அங்கே அலுமினியம் வாங்குங்கள். சீட் கம்பி இரும்பாக இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை உருவி கிரீஸ் தடவிப் போடுங்கள், இல்லாவிட்டால் கம்பியும் ஃபிரேமும் ஒட்டிக்கொண்டு சுத்தியலுக்கும் அசையாது.