பெட்டியில் 6.0, உள்ளே ஒன்றரை: கம்பியில்லாக் கருவி வைத்திருப்போர் கவனத்திற்கு

தளி, கெலமங்கலம் பகுதிகளில் ஒன்பது ஆண்டுகளாகப் பசுமைக்குடில் அமைக்கும் வேலை செய்துவருகிறேன். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினிய ப்ரொஃபைலை வைத்து, தானே துளையிட்டு இறங்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவால் இறுக்குவதுதான் இந்தத் தொழிலில் நேரத்தை விழுங்கும் வேலை. ஏணியின் உச்சியில் நின்று செய்யவேண்டிய வேலை என்பதாலும், தோட்டத்து மும்முனை மின்சாரம் நாங்கள் நினைத்த நேரத்துக்கு வருவதில்லை என்பதாலும், 18 வோல்ட் பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் டிரைவர் என்ற ஸ்க்ரூ முறுக்கும் கருவி இல்லாமல் எங்களுக்கு ஒரு நாளும் நகராது. என்னிடம் இருப்பது மக்கிட்டா டிரைவர். அதனுடன் வாங்கிய 5.0 ஆம்பியர்-மணி (பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதன் அளவு) அசல் பேட்டரிகள் இரண்டும் மூன்று ஆண்டுகளாக உழைத்துச் சற்றே தளர்ந்திருந்த நிலையில், கூடுதலாக இரண்டு வாங்கலாம் என்று கிருஷ்ணகிரி நகரில் ஒரு கடைக்குச் சென்றேன்.

அங்கே அசல் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, அதே நிறம், அதே அச்சு, அதே பூட்டு கொண்ட வேறொன்றை எடுத்து வைத்தார்கள். பெயர் மட்டும் கேள்விப்படாத பெயர், பெட்டியில் 6.0 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. விலை ஒன்றுக்கு 2,600 ரூபாய். அசல் ஒன்றின் விலைக்கு இவை மூன்று வரும். "அண்ணா, உள்ள இருக்கற செல் எல்லாம் ஒண்ணுதாங்க. மேல ஒட்டுற ஸ்டிக்கருக்குத்தான் நீங்க அவ்வளவு காசு குடுக்கறீங்க" என்றார் விற்பனையாளர். அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை இருக்கவும் கூடும் என்று அப்போது தோன்றியது. பெரிய நிறுவனங்களும் செல் என்ற சிறு மின்கலங்களை வேறிடத்தில் வாங்கித்தான் அடுக்குகின்றன என்பது எனக்குத் தெரியும். இரண்டு வாங்கினேன். ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துத் தந்தார்கள். அதையும் கேள்வி கேட்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் நாளே குறை தெரிந்தது. பழைய அசல் பேட்டரி ஒரு சார்ஜில் இருநூறு ஸ்க்ரூவுக்குக் குறையாமல் இறக்கும். புதியதோ எழுபதைத் தாண்டியதும் டிரைவரை முனக வைத்து நிறுத்திவிட்டது. ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் மீண்டும் பத்து ஸ்க்ரூ, மறுபடி நிறுத்தம். சார்ஜரில் வைத்தபோது சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் மாறிமாறி மினுங்கின. இந்தப் பேட்டரியை ஏற்ற முடியாது என்று அசல் சார்ஜர் சொல்லும் மொழி அது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னதும், "கம்பெனி சார்ஜர் அப்படித்தாங்க பண்ணும், நான் வேற சார்ஜர் தர்றேன்" என்று நானூறு ரூபாய்க்கு இன்னொரு சார்ஜரைத் தந்தார்கள். இரண்டே கம்பிகள் கொண்ட, 21 வோல்ட் என்று எழுதிய சாதாரண சார்ஜர். அது எந்தப் பேட்டரியையும் மறுக்கவில்லை. நான் செய்த பெரிய பிழை போலியை வாங்கியது அல்ல. சார்ஜர் மறுத்ததைக் கேட்காமல், மறுக்கத் தெரியாத சார்ஜர் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியதுதான்.

மூன்றாம் வாரம், தளிக்கு அருகே ஒரு குடில் வேலையின்போது, பொருள் வைக்கும் அறையில் இரவு சார்ஜ் போட்டிருந்தோம். பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறதே என்று உடன் தங்கியிருந்த தம்பி ஒருவர் எழுந்து பார்த்திருக்கிறார். பேட்டரியின் அடிப்பகுதி கையால் தொடமுடியாத சூட்டில் இளகிப்போயிருந்தது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியை மண்வெட்டியால் தள்ளி வெளியே மணலில் போட்டார்கள். அந்த அறையிலேயே குடிலுக்கான பாலித்தீன் தாள் சுருள் சுருளாக அடுக்கியிருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

எஞ்சிய இன்னொரு பேட்டரியை, ஓசூரில் மின்வண்டி பேட்டரிகளைப் பழுதுபார்க்கும் நண்பரிடம் கொண்டுசென்றேன். அவர் முதலில் அதைத் திறக்கவில்லை. லாரி முகப்பு விளக்கில் போடும் 24 வோல்ட், 70 வாட் பல்பு ஒன்றை எடுத்து, என் பழைய அசல் பேட்டரியிலும் புதிய போலியிலும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, இரண்டும் தரும் மின்னோட்டத்தையும் மல்டிமீட்டரில் பார்த்தார். பதினெட்டு வோல்ட்டுக்கு அருகில் அந்தப் பல்பு ஏறத்தாழ 2.4 ஆம்பியர் எடுத்தது. மூன்று வருடம் அடிபட்ட அசல் பேட்டரி, 15 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் ஒரு மணி ஐம்பது நிமிடம் எரியவிட்டது, அதாவது 4.4 ஆம்பியர்-மணி. புதிய '6.0' முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்தது. கணக்குப் போட்டால் ஒன்றரை ஆம்பியர்-மணி.

பிறகு திருகாணிகளைக் கழற்றினோம். இந்த அளவுப் பேட்டரிக்குள் இருப்பவை 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, 18650 என்று அழைக்கப்படும் பத்து செல்கள். இரண்டிரண்டாக இணைத்த ஐந்து ஜோடிகள் வரிசையாக நிற்கும். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. முழுச் சார்ஜில் செல்லுக்கு 4.2, ஐந்து சேர்ந்தால் 21. ஆகவே 18 என்றும் 20 என்றும் 21 என்றும் எழுதியிருப்பவை பெரும்பாலும் ஒரே அமைப்புதான். சில டிரில்களில் 48, 88 என்றெல்லாம் ஒட்டியிருப்பது வோல்ட்டே அல்ல, வெறும் பெயர். எங்களுடையதில் பத்து செல்கள் இருந்தது என்னவோ உண்மைதான். ஆனால் மேலுறை புதிதாகச் சுற்றப்பட்டிருந்தது. எந்த எழுத்தும் இல்லை. முனைகளில் ஒரு முறை வெல்டிங் செய்த பட்டையைப் பிய்த்துவிட்டு, மீண்டும் புதுப் பட்டை வைத்து வெல்டிங் செய்த தழும்பு தெளிவாகத் தெரிந்தது. பழைய மடிக்கணினிப் பேட்டரிகளிலிருந்து எடுத்தவையாக இருக்கலாம் என்றார் நண்பர். மடிக்கணினிக்கான செல் மெல்ல மெல்லக் கொடுக்கத் தெரிந்தது. இம்பாக்ட் டிரைவரோ சுமை ஏறும்போது இருபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பில் வோல்ட் சரிந்து கருவி நின்றுவிடுகிறது, ஓய்வு கொடுத்தால் வோல்ட் திரும்ப ஏறுவதால் மறுபடி ஓடுகிறது. ஏணியில் நின்று நான் கண்டது அதைத்தான்.

சூடேறியதற்கான காரணம் அடுத்த சோதனையில் கிடைத்தது. ஐந்து ஜோடிகளின் வோல்ட்டையும் தனித்தனியாகப் பார்த்தபோது, பேட்டரி 15 வோல்ட்டுக்கு இறங்கிய நேரத்தில் நான்கு ஜோடிகள் 3.2 இல் இருந்தன. ஒன்று மட்டும் 2.2 க்கு விழுந்திருந்தது. அதையே மணல் தட்டில் வைத்து, அந்த நானூறு ரூபாய் சார்ஜரால் பக்கத்திலேயே நின்று ஏற்றியபோது, நான்கு ஜோடிகள் 4.15 ஐத் தொட்ட வேளையில் அதே நோஞ்சான் ஜோடி 4.4 க்குப் போயிருந்தது. உடனே நிறுத்திவிட்டார். மொத்தம் 21 வோல்ட் வந்ததா என்பதை மட்டும் பார்க்கும் சார்ஜருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். 4.2 ஐத் தாண்டி அழுத்தப்படும் லித்தியம் செல் சூடேறுவதும், சில சமயம் தீப்பற்றுவதும் அதன் இயல்பு. ஜோடிகளைத் தனித்தனியே கண்காணிக்கவேண்டிய பலகை உள்ளே இருந்தது. ஆனால் ஜோடிகளுக்கு நடுவிலிருந்து அதற்குச் செல்லவேண்டிய கம்பிகளை இணைக்கவே இல்லை.

எடையை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ நாற்பது கிராம்தான் வித்தியாசம். பத்துக்குப் பதில் ஐந்தே செல் போட்டு ஏமாற்றுவோரை எடை காட்டிக்கொடுக்கும். பழைய செல் போடுவோரைக் காட்டிக்கொடுக்காது. அதைவிடக் கணக்கு உதவும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 18650 செல்களில் அதிகக் கொள்ளளவுடையதே சுமார் 3.5 ஆம்பியர்-மணிதான், இரண்டிரண்டாக இணைத்தால் சுமார் 7 தான் வரும். அத்தகைய செல்களுக்கு அதிக இழுப்பைத் தாங்கும் திறனும் குறைவு. அசலில் 5.0 இருக்கும் அதே கூட்டுக்குள் 9.0 என்றோ 12.0 என்றோ எழுதியிருந்தால், பெட்டியைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். கையடக்க லித்தியம் பேட்டரிகளில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். அந்தப் பதிவு எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். என்னுடையதில் இரண்டும் இல்லை. இறக்குமதியாளர் பெயரோ முகவரியோ கூட இல்லை.

பெயர் பெறாத நிறுவனங்கள் எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நல்ல செல் போட்டு, கண்காணிப்புப் பலகையை ஒழுங்காக இணைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள் என்றே நண்பர் சொல்கிறார். ஆனால் கடையில் நிற்கும் என்னைப் போன்ற ஒருவர் அதையும் இதையும் வெளியிலிருந்து பிரித்தறிய வழி இல்லை.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. "கச்சா சீட்டுக்கு வாரண்டி கிடையாதுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்றும் பயமுறுத்தினார். அது சரியல்ல. சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை, வணிக நோக்கத்துக்கு வாங்கியதாக 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கருதுவதில்லை. வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கவேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். என் கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டும், யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவும், நண்பர் எடுத்த புகைப்படங்களும்தான். முறையான பில் இருந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

சென்ற வாரம் தேன்கனிக்கோட்டையில் இதே தொழில் செய்யும் ஒருவர், அதே கடையில் புதிதாக வாங்கிய பேட்டரியுடன் வந்தார். அதே கூடு, அதே பெயர். ஸ்டிக்கரில் மட்டும் 6.0 இருந்த இடத்தில் 9.0. ஓசூருக்குக் கொண்டுபோய் அதே லாரி பல்பில் மாட்டினோம். நாற்பத்தொரு நிமிடம் எரிந்தது.