கார் உட்புறப் படம்: பிராக்கெட்டிங்கா, ஃப்ளாஷா?

காரின் உட்புறத்தைப் படமெடுத்தால் சீட் தெரியும்போது கண்ணாடிக்கு வெளியே வெளுத்துவிடும். வெளியே சரியானால் சீட் இருண்டுபோகும். இதைச் சமாளிக்க இரண்டு வழிகள்: ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படங்களாக எடுத்து இணைக்கும் பிராக்கெட்டிங், அல்லது காருக்குள் ஃப்ளாஷ் அடிப்பது.

செலவு: பிராக்கெட்டிங்குக்கு ட்ரைபாட் போதும். ஃப்ளாஷுக்கு விளக்கு, அதைக் கேமராவிலிருந்து இயக்கும் ட்ரிக்கர், பேட்டரி எல்லாம் வேண்டும்.

நேரம்: பிராக்கெட்டிங்கில் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) இடைவெளியில் 3 அல்லது 5 படங்கள் எடுத்துக் கணினியில் இணைக்க வேண்டும். ஃப்ளாஷில் ஒரே படத்தில் முடிக்கலாம். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வெளிக்காட்சி அடங்கும், ஃப்ளாஷ் வெளிச்சம் குறையாது. சிங்க் வேகத்தை (ஃப்ளாஷ் வெளிச்சம் படம் முழுக்கப் பதியும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) மட்டும் தாண்டக் கூடாது. பல கேமராக்களில் அது 1/200 நொடி.

தரம்: கறுப்பு லெதர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதன் தையலும் மடிப்பும் பக்கவாட்டு ஃப்ளாஷில்தான் அழகாக எழும்பும். நேராக அடித்தால் பளபளப்பான டாஷ்போர்டில் வெள்ளைத் திட்டு விழும். கூரையில் பட்டுத் திரும்பவிடலாம், ஆனால் கூரைத்துணி பழுப்பு என்றால் படம் முழுக்க அந்த நிறம் ஏறும். மீட்டரும் திரையும் ஒளிர வேண்டுமானால் மெதுவான ஷட்டர்தான் நல்லது. இதில் பிராக்கெட்டிங் முந்துகிறது.

சொந்தக் காரை விற்பவர் கட்டட நிழலில் நிறுத்தி பிராக்கெட்டிங் செய்தாலே போதும். அடுத்தடுத்துக் கார்கள் வரும் ஷோரூமுக்கு ஃப்ளாஷ்தான் சரி.